பாக்கெட் மேல் உள்ள பெயர் யாருக்குச் சொந்தம்?

விளைந்ததை மூட்டை பிடித்து மண்டியில் இறக்கிவிட்டு, கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய காலம் மெல்ல மாறி வருகிறது. மஞ்சளை அரைத்துத் தூளாகவும், கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாகவும், கரும்பை நாட்டுச் சர்க்கரையாகவும், மாங்காயை ஊறுகாயாகவும் மாற்றிப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் சிறு விவசாயிகள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். சரக்கின் தரத்தில் காட்டும் அக்கறையை, பாக்கெட்டின் மேல் அச்சிடும் பெயரில் இவர்களில் பலர் காட்டுவதில்லை. வியாபாரம் வளர்ந்த பிறகுதான் இந்தக் குறை தெரிய வருகிறது.

எடுத்துக்காட்டாக, ஈரோட்டுப் பக்கம் இரண்டு ஏக்கரில் மஞ்சள் போடும் ஒரு விவசாயி இருப்பதாகக் கொள்ளலாம். அவர் தம் மஞ்சளை அரைத்து, ‘ஈரோடு சுத்த மஞ்சள்’ என்று பெயர் அச்சிட்டு விற்கிறார். மூன்று ஆண்டுகளில் சுற்று வட்டாரத்து மளிகைக் கடைகளில் அந்தப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். நான்காம் ஆண்டு, அதே நிறப் பாக்கெட்டில் ‘ஈரோடு சுத்தமான மஞ்சள்’ என்று வேறொருவர் சரக்கை இறக்குகிறார். அதில் கலப்படம் இருந்தால் கெட்ட பெயர் முதல் விவசாயிக்குத்தான் வருகிறது. அவர் வழக்கறிஞரிடம் ஓடுகிறார். “இந்தப் பெயரில் உங்களுக்கு மட்டும் என்று எதுவும் இல்லையே. ஈரோடு ஊரின் பெயர், சுத்தம் என்பது தரம், மஞ்சள் என்பது சரக்கு. இவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லலாமே!” என்கிறார் வழக்கறிஞர்.

இந்த நிலை வராமல் தடுக்க வழி உண்டு. பாக்கெட் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

வணிகச் சின்னம் என்பது என்ன?

ஒருவருடைய சரக்கை மற்றவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், படம், எழுத்து, லேபிள் ஆகியவை டிரேட் மார்க் எனப்படும் வணிகச் சின்னங்கள். இப்போது நடைமுறையில் உள்ளது 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். இது 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் 1958-ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் வாங்கிவிட்டால் பெயரும் தமக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அந்த எண், உணவுப் பொருள் தயாரித்து விற்க அனுமதி மட்டுமே. அக்மார்க் என்பது 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி தரத்துக்குக் கொடுக்கும் முத்திரை. ஜி.எஸ்.டி. எண் வரிக்கானது. கம்பெனிப் பதிவு கம்பெனிக்கானது. இவற்றில் எதுவும் பாக்கெட் மேல் உள்ள பெயருக்கு உரிமை தராது. அந்த உரிமைக்கு வணிகச் சின்னப் பதிவகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அமுல் காட்டும் வழி

விவசாயிகள் தங்கள் பெயரைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டதற்கு நல்ல உதாரணம் அமுல். குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள், தனியார் வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்று 1946 டிசம்பரில் ஆனந்த் நகரில் கூட்டுறவு ஒன்றியம் அமைத்தார்கள். ஆரம்பத்தில் நாளொன்றுக்கு 247 லிட்டர் பாலே சேர்ந்தது. 1950-களில் தங்கள் சரக்குக்கு ‘அமுல்’ என்று பெயர் வைத்தார்கள். ஒன்றியத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் அதில் இருக்கின்றன. விலைமதிப்பற்றது என்று பொருள்படும் வடமொழிச் சொல்லின் சாயலும் இருக்கிறது. பால் என்றோ வெண்ணெய் என்றோ அந்தப் பெயர் சொல்லவில்லை. அதுவே அதன் பலம்.

பிற்பாடு 1973-ல் குஜராத் மாநில அளவில் விற்பனைக் கூட்டமைப்பு ஏற்பட்டது. பல மாவட்ட ஒன்றியங்களின் பால் ஒரே பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் அந்தப் பெயரின் உரிமை பால் கறக்கும் விவசாயிகளின் கேடா ஒன்றியத்திடமே இருந்தது.

கனடா நாட்டில் ஒரு கம்பெனி ‘அமுல் கனடா’ என்று இணையத்தில் பக்கம் திறந்து, அதே சின்னத்தையும் போட்டுக்கொண்டது. 2020-ல் இது தெரிய வந்ததும் ஒன்றியமும் கூட்டமைப்பும் அந்த நாட்டு மத்திய நீதிமன்றத்துக்குப் போயின. 2021-ல் தீர்ப்பு விவசாயிகளின் பக்கம் வந்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டதோடு, இழப்பீடும் செலவும் சேர்த்து 32,733 கனடா டாலர் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. நல்ல பெயரைத் தேர்ந்தெடுத்து, உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்திருந்ததால் இது முடிந்தது.

எந்தப் பெயர் நிற்கும், எது நிற்காது?

சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சரக்கின் வகை, தரம், அளவு, உபயோகம், விலை, விளைந்த இடம் ஆகியவற்றை மட்டும் குறிக்கும் சொற்களைப் பொதுவாகப் பதிவு செய்ய மாட்டார்கள். ‘சுத்தம்’, ‘இயற்கை’, ‘நாட்டு’, ‘மரச்செக்கு’, ‘பாரம்பரியம்’, ‘முதல் தரம்’ போன்ற சொற்கள் இந்த ரகத்தைச் சேர்ந்தவை. பல ஆண்டுகள் விற்று, அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்னாருடைய சரக்கு என்று மக்கள் அறியும் நிலை விண்ணப்பத்துக்கு முன்பே வந்திருந்தால் விலக்கு உண்டு. அதை ஆதாரத்தோடு நிரூபிப்பது சிறு விவசாயிக்கு எளிதல்ல.

பெரிய கம்பெனிகளும் இதில் தோற்றிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஐ.டி.சி. கம்பெனி, நெஸ்லே கம்பெனி மீது ஒரு வழக்குப் போட்டது. தனது நூடுல்ஸ் பாக்கெட்டில் உள்ள ‘மேஜிக் மசாலா’ என்ற பெயரை ஒட்டி, நெஸ்லே ‘மேஜிக்கல் மசாலா’ என்று போட்டுவிட்டது என்பது புகார். 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. ‘மேஜிக்’ என்பது புகழ்ந்து சொல்லும் சொல், ‘மசாலா’ என்பது பொதுச் சொல், இதில் யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோடிக்கணக்கில் விளம்பரம் செய்யும் கம்பெனிக்கே இந்த நிலை என்றால், ‘சுத்த மஞ்சள்’ என்று பெயர் வைத்த விவசாயியின் கதி என்ன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தெய்வப் பெயர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் ‘நந்தினி’ என்ற பெயரில் பால் விற்று வருகிறது. 1989-ல் ‘நந்தினி டீலக்ஸ்’ என்ற பெயரில் ஓட்டல் தொடங்கியவர்கள் தங்கள் உணவுப் பண்டங்களுக்கு அந்தப் பெயரைப் பதிவு செய்யக் கேட்டபோது, கூட்டமைப்பு ஆட்சேபித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நந்தினி என்பது புராணத்தில் வரும் தெய்வத்துக்கும் பசுவுக்கும் உள்ள பெயர், கூட்டமைப்பு புதிதாக உண்டாக்கிய சொல் அல்ல. இருவரின் சரக்கும் வேறு, சின்னத்தின் தோற்றமும் வேறு என்று சொல்லி, 2018-ல் நீதிமன்றம் ஓட்டல்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பாலும் பால் பொருள்களும் மட்டும் அவர்கள் பதிவில் சேராது. ஆகவே முருகன், லட்சுமி, அன்னபூரணி என்று பெயர் வைப்பதில் தவறு இல்லை என்றாலும், அதே பெயரை வேறு சரக்குக்கு வேறொருவர் வைத்தால் தடுப்பது கடினம்.

பலமான பெயர் எது?

அந்தக் காலத்து வியாபாரிகள் இதைத் தெரிந்தே செய்தார்கள். குதிரை மார்க், குடை மார்க், கடிகாரம் மார்க் என்று பெயர் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைக் காட்டிச் சரக்குக் கேட்க முடிந்தது. அரிசிக்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் இல்லாததாலேயே அது நல்ல சின்னம். மஞ்சள் தூளுக்கு ‘ஏணி’ என்று பெயர் வைத்தால், மஞ்சள் விற்கும் வேறு எவருக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய அவசியம் வராது. அமுல் போலப் புதிதாக ஆக்கிய சொல் இன்னும் பலமானது. குடும்பப் பெயரை வைக்கலாம். ஆனால் அதே பெயருள்ள இன்னொருவர் நேர்மையாகத் தம் சொந்தப் பெயரில் வியாபாரம் செய்தால் தடுக்க முடியாது.

‘மஞ்சள் தூள்’, ‘சுத்தமானது’ என்ற சொற்களைப் பாக்கெட்டில் போடவே கூடாது என்பதல்ல. அவற்றைச் சரக்கின் விவரமாகச் சிறிய எழுத்தில் போட்டு, சின்னத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

ஊர்ப் பெயர்

ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. இது தனி ஒருவருக்கு உரியதல்ல. அந்த வட்டாரத்தில் முறைப்படி விளைவிப்பவர், தயாரிப்பவர் எல்லாருக்கும் பொதுவான சொத்து. இதை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. அந்த வட்டாரத்து விவசாயி, சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம். ஊரின் பெருமைக்குப் புவிசார் குறியீடு, தம் சொந்தச் சரக்குக்கு வணிகச் சின்னம் என்று இரண்டையும் ஒரே பாக்கெட்டில் வைத்துக்கொள்வது சிறந்த முறை.

முதலில் தேட வேண்டும்

பெயரை முடிவு செய்வதற்கு முன், அதே பெயரோ அதைப் போன்ற பெயரோ ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் தேடலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அரை மணியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். எழுத்து மட்டுமல்ல, உச்சரிப்பும் ஒத்திருக்கக் கூடாது.

பிஸ்கட்டுக்கு ‘குளூவிட்டா’ என்ற பெயரைப் பதிவு செய்யக் கேட்டபோது, குளூக்கோஸ் மாவுக்கு ‘குளூக்கோவிட்டா’ என்ற பெயர் முன்பே இருந்தது. சரக்கு வேறானாலும் பிஸ்கட் செய்ய குளூக்கோஸ் சேர்ப்பதுண்டு. பெயரும் காதுக்கு ஒன்று போல இருந்ததால் வாங்குபவர் மயங்குவார் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 1959-ல் அந்தப் பதிவை மறுத்தது. பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இது எச்சரிக்கை.

எந்த வகுப்பில் பதிவது?

சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். விவசாயிகளுக்கு வேண்டியவை பெரும்பாலும் நான்கு:

29-ஆம் வகுப்பு: பால், நெய், முட்டை, சமையல் எண்ணெய், ஊறுகாய், பதப்படுத்திய காய்கனி.

30-ஆம் வகுப்பு: அரிசி, மாவு, மஞ்சள் தூள் முதலான மசாலாப் பொடிகள், சர்க்கரை, வெல்லம், தேன், காப்பி, தேயிலை.

31-ஆம் வகுப்பு: பச்சைக் காய்கறி, பழம், விதை, நாற்று, பூ, கால்நடைத் தீவனம்.

32-ஆம் வகுப்பு: பழச்சாறு, மது சேராத பானங்கள்.

செக்கு எண்ணெயும் மஞ்சள் தூளும் ஒரே பெயரில் விற்பதானால் 29, 30 ஆகிய இரண்டு வகுப்புகளுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். எதிர்காலத்தில் செய்யலாம் என்று எல்லா வகுப்பையும் சேர்ப்பது வீண் செலவு. பதிவு செய்த சின்னத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அதை நீக்கும்படி பிறர் மனுச் செய்யலாம்.

விண்ணப்பமும் கட்டணமும்

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ள வணிகச் சின்னப் பதிவகம். விண்ணப்பப் படிவத்தின் பெயர் டி.எம்.-ஏ. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500 இணைய வழிக் கட்டணம். நேரில் காகிதமாகக் கொடுத்தால் ரூ. 5,000. மற்ற நிறுவனங்களுக்கு இது முறையே ரூ. 9,000, ரூ. 10,000. நிறுவனமாக விண்ணப்பிப்பவர்கள் சிறு தொழில் சலுகையைப் பெற, அதற்கான சான்றை இணைக்க வேண்டும். ஏஜெண்ட் அல்லது வழக்கறிஞர் மூலம் செய்தால் அவர்கள் கூலி தனி. தாமே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை:

1. சின்னம் தமிழ் எழுத்தில் இருந்தால், அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிக் கொடுக்க வேண்டும்.

2. பெயரைச் சொல்லாக மட்டும் பதிவது நல்லது. லேபிள் முழுவதையும் ஒரே படமாகப் பதிந்தால், பாதுகாப்பு அந்த முழு லேபிளுக்கே பொருந்தும். பணம் இருந்தால் இரண்டையும் தனித்தனியே பதியலாம்.

3. ஏற்கெனவே அந்தப் பெயரில் விற்று வந்தால், எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிட்டு, பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கொடுக்க வேண்டும். முதல் பில், அச்சகத்து ரசீது, பழைய பாக்கெட், சந்தையில் கடை போட்ட ரசீது எல்லாம் இங்கே உதவும். இவற்றைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.

அதன் பின் நடப்பது

பதிவக அதிகாரி விண்ணப்பத்தைப் பரிசீலித்து, ஆட்சேபம் இருந்தால் அறிக்கை அனுப்புவார். கையில் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். பதில் கொடுக்காமல் விட்டு விண்ணப்பம் கைவிடப்பட்டவர்கள் ஏராளம். ஆகவே விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலை வாரம் ஒரு முறையாவது பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஏற்கப்பட்டால் சின்னம் அரசின் வணிகச் சின்ன இதழில் வெளியாகும். அன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வந்தால் அந்த அறிவிப்புக் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் எதிருரை கொடுக்க வேண்டும். எதிர்ப்பு இல்லையானால் சான்றிதழ் கிடைக்கும். உரிமை விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்காகும். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சான்றிதழ் வரும் வரை பெயருக்குப் பக்கத்தில் ‘டி.எம்.’ என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போடும் குறி பதிவு முடிந்த பிறகே. முன்கூட்டியே போடுவது சட்ட விரோதம்.

யார் பெயரில் பதிவு?

மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். பாக்கெட் போட்டுக் கொடுப்பவரோ, மொத்தமாக வாங்கி விற்பவரோ “பதிவு வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லித் தம் பெயரில் பதிந்துகொண்டால், விளைவித்தவர் தம் பெயரைப் பயன்படுத்த அவரிடமே அனுமதி கேட்க வேண்டிய நிலை வரும். முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பாக்கெட் போடுபவரிடமும் விற்பனையாளரிடமும் “பெயரும் சின்னமும் விவசாயிக்கே சொந்தம்” என்று எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். லேபிள் வரைந்து கொடுப்பவரிடமும் உரிமையை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

குழுவாகச் செய்பவர்கள், தலைவரின் சொந்தப் பெயரில் பதியாமல், உழவர் உற்பத்தியாளர் கம்பெனி அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் பதிய வேண்டும். உறுப்பினர் எல்லாரும் பயன்படுத்தும் பொதுச் சின்னமாகப் பதியவும் வழி இருக்கிறது. அதற்கு, யார் பயன்படுத்தலாம், தரம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிமுறைகளை எழுதித் தாக்கல் செய்ய வேண்டும்.

பிறர் காப்பியடித்தால்

முதலில் அந்தப் பாக்கெட்டை விலை கொடுத்து வாங்கி, பில்லும் வாங்கி வைக்க வேண்டும். அடுத்து வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பல தகராறுகள் நோட்டீஸிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் பதிவு செய்தவர் தாம் வசிக்கும், அல்லது வியாபாரம் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். எதிராளி இருக்கும் வெளியூருக்கு ஓட வேண்டியதில்லை. தடை உத்தரவு, இழப்பீடு, போலி லேபிள்களை அழித்தல் ஆகியவற்றைக் கேட்கலாம். பொய்ச் சின்னம் இடுவது குற்றமும் ஆகும். 103-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

பதிவு செய்யாதவருக்கும் வழக்குப் போட வழி உண்டு. ஆனால் தம் பெயர் மக்களிடம் பிரபலம், எதிராளி அதை ஏமாற்றிப் பயன்படுத்துகிறார், அதனால் நஷ்டம் என்று ஒவ்வொன்றையும் அவரே நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் உள்ளவருக்கு இந்தப் பாரம் வெகுவாகக் குறைகிறது.

மேலே சொன்ன மஞ்சள் விவசாயிக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ‘ஏணி’ போன்று யாரிடமும் இல்லாத ஒரு பெயரைத் தேடிப் பார்த்து, 30-ஆம் வகுப்பில் விண்ணப்பித்து, அடுத்த அச்சில் அதைப் பெரிதாகவும் பழைய சொற்களைச் சிறிதாகவும் போட்டு விற்கத் தொடங்கலாம். பழைய வாடிக்கையாளர்களிடம் கடைக்காரர் மூலம் சொல்லி வைத்தால், ஒரு பருவத்துக்குள் புதுப் பெயர் பழகிவிடும். வயலுக்கு வேலி போட மறக்காத விவசாயிகள், தாங்கள் வளர்த்த பெயருக்கும் அந்த ரூ. 4,500 வேலியைக் காலத்தில் போட்டுக்கொள்வது நல்லது.